இடது கைக்காரருக்கு ஒரு கோல்

குடையைக் கையில் எடுத்தால் ஆட்டிப் பார்க்கும் புத்தி எனக்கு வந்துவிட்டது. போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் மழைக்கு ஒதுங்கிய கடையில் ஒரு குடையை எடுத்து, பிடியை இறுக்கி, நுனியைத் துள்ளவிட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி, மழைக்குத்தானே கொட? சண்டைக்கா போற?" என்றார் கடைக்கார ஆன்டி. என்னத்தைச் சொல்ல? கடல் தாண்டி வந்து ரவாங்கில் நான் பார்க்கும் வேலை அப்படி. கோல்ஃப் மட்டையின் தண்டு எவ்வளவு வளைய வேண்டும் என்று கணக்கிட்டு வடிவமைக்கிறேன். பிசின் ஊறிய கார்பன் தாளை இரும்புக் கம்பியில் சுற்றி, மின் அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவிவிட்டால் தண்டு. "பந்தடிக்கிற குச்சிக்கு இன்ஜினியரா?" என்று திண்டுக்கல்லில் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானே இதுவரை ஒரு பந்துகூட அடித்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கையில் கம்பு ஊன்றிப் பழகச் சொன்னார் டாக்டர். கடையில் வாங்கிய கம்பு கனக்கிறதென்று அப்பா வீசிவிட்டாராம். ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்றால், பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் திரும்பவில்லை. எப்போது கேட்டாலும் "இன்னும் ரெண்டு வாரம்" என்கிறார் ஏஜெண்ட். நான் போக முடியாவிட்டாலும் ஒரு கோலாவது போகட்டும் என்று மேலாளர் லிம்மிடம் தயங்கித் தயங்கி, அப்பாவுக்கு ஒரு தண்டு வேண்டும் என்றேன். வலது கையா, இடது கையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இடது என்றேன். "இடது கை ஆட்டக்காரரா! அபூர்வமாச்சே!" என்று என் முதுகில் தட்டினார். மணிக்கட்டிலிருந்து தரை வரை அளவு வாங்கிவிடு, அதற்கேற்ப வெட்டிக்கொள் என்றார். அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று திட்டினார் எஸ்தர் அக்கா. தாள் சுற்றும் பிரிவில் அவர் கைக்கு நிகர் கிடையாது. "சரி விடு, பாஸ் ஓகே சொல்லிட்டாரு லா. வா, சுத்துவோம்." எங்கள் தண்டு வளைவதற்கென்றே செய்வது, சாய்ந்து நிற்கும் மனிதரைத் தாங்காது. அதனால் பருமனான கம்பியில், இழையை நீளவாட்டில் வைத்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சுற்றினோம். இறகுபோல எடை, இம்மியும் வளையாது. இத்தனை வருட வேலையில் நான் பெருமைப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

அளவுதான் பாக்கி. முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து என் கூடப்பிறந்த அக்கா போனில் முப்பத்து நான்கு அங்குலம் என்றாள். அடுத்த வாரம், "கூனிட்டாருடா, முப்பத்தொண்ணுதான் வருது" என்றாள். கார்பன் தண்டை வெட்டலாம், ஒட்ட முடியாது. இன்னும் ஒரு வாரம் பொறுப்போம் என்று ரம்பத்தைக் கீழே வைத்தேன். மூன்றாம் வாரம் அவள் வீடியோவில் வந்தாள். "நிக்க வச்சா முழங்கால் மடங்கிருதுடா. படுக்கையிலதான் இருக்காரு. இனிமே அளவு கேக்காத." போனை அப்பா பக்கம் திருப்பினாள். அவர் என்னைப் பார்த்து, "கம்பு ரெடியாடா?" என்றார். ரெடிப்பா என்றேன். இடது கையைத் தூக்கிக் காட்டினார். போனை வைத்துவிட்டு அழுதேன். வேறென்ன செய்ய எனக்குத் தெரியும்?

நேற்று லிம் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே வெள்ளைத் தோல் கையுறை, ஒற்றை. "உன் அப்பாவுக்கு. இடது கை ஆட்டக்காரர்கள் வலது கையில்தான் போடுவார்கள், தெரியுமா?" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வாசலில் குடையோடு அந்தக் கோலும் சாய்ந்து நிற்கிறது, வெட்டாமல், முழு நீளத்தில். வேலைக்குக் கிளம்பும்போது கை தானாக அதையும் எடுத்து ஆட்டிப் பார்க்கிறது. கொஞ்சமும் வளையவில்லை. எவ்வளவு பாரமானாலும் தாங்கும்.