சந்தனத்துக்கு ஒரு வட்டம்

போன கிழமை ஒரு நாள் காலை. புளியந்தீவில் எங்கள் ஒஃபிஸ் கதவைத் திறந்து மின்விசிறியைக்கூடப் போடவில்லை... அதற்குள் போன்.

"தம்பி, உங்கட பம்ப் செத்துப் போச்சு!"

பழுகாமத்துத் தவமணி அக்கா. எங்கள் கம்பனியில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் வாங்கியவர். அந்தப் பம்புக்குக் கையேடு எழுதுவதுதான் என் உத்தியோகம் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். (கையேட்டை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். என் வீட்டிலும் அதையேதான் கேட்கிறார்கள்.)

"ஸ்டார்ட் ஆகுது, கொஞ்சத்தால நிண்டு போகுது. வட்டையில வேளாண்மை குடலையா நிக்கிது தம்பி. இப்ப தண்ணி பாயாட்டி எல்லாம் சப்பிதான்."

குடலை என்றால் கதிர் வெளியே வரக் காத்திருக்கும் பருவம். அந்த நேரத்தில் வயல் காய்ந்தால் நெல்லெல்லாம் சப்பியாகி, அதாவது பதராகி, போகமே போய்விடும்.

"ஒயில் பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்து ஊத்தியும் போட்டன். புத்தகத்தில அப்படித்தான் கிடக்கு. மறுகாவும் ஒருக்கா ஊத்தப் போறன்."

"ஐயோ, ஊத்தாதீங்க!"

விஷயம் இதுதான். இந்தப் புது எஞ்சினில், ஒயில் குறைந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பம்ப் சரிந்து நின்றாலும், ஒயில் இல்லையாக்கும் என்று அது நிறுத்திவிடும். விசாரித்தால், அக்கா பம்பை வைத்திருந்தது வாய்க்கால் வரம்பின் சரிவில். அவர் பார்த்த புத்தகமோ, முன்பு வைத்திருந்த பழைய பம்போடு வந்தது. அதில் இந்தக் கருவியே கிடையாது.

"சமனான இடத்தில வையுங்க அக்கா. கூட ஊத்தின ஒயில வடிச்சு விடுங்க. அவ்வளவுதான்."

"நீங்க வாயால சொல்றீங்க. கடைக்காரன் ஒண்டு சொல்றான், மச்சான் ஒண்டு சொல்றார். எனக்கு எழுத்தில வேணும்!"

நியாயம்தானே?

முன்பு என்றால் இந்த இடத்தில் எனக்கு வியர்த்திருக்கும். ஏனென்றால் எங்கள் எழுத்திலேயே ஒற்றுமை இல்லை. கையேடு தனி, பம்பில் ஒட்டும் ஸ்டிக்கர் தனி, இணையப் பக்கம் தனி. போதாததற்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃபைல். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்'... ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று பழைய பொய்யையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதை மாற்றியவள் ரிசானா. காத்தான்குடியிலிருந்து வரும் என் சக ஊழியர். "சேர், ஒரு வசனத்த ஒரு இடத்தில மட்டும் எழுதுவம். மத்ததெல்லாம் அதிலயிருந்து எடுக்கட்டும்" என்றாள். மேலே ஒரு தண்ணீர் டாங்கி, கீழே எத்தனை குழாயும் பூட்டலாம் — அதுதான் யோசனை. ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் அடையாளக் குறி போட வேண்டும்: இது எச்சரிக்கை, இது செய்முறை, இது உதிரிப்பாகத்தின் பெயர். எழுத்து சிவப்பா, பெரிசா என்பதெல்லாம் நம் கவலை இல்லை. அதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

முதல் மாதம் எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடக் கை துறுதுறுக்கும். கணினி விடவே விடாது. "இது என்ன கம்பியூட்டரா, மாமியாரா?" என்று கத்தியிருக்கிறேன். ரிசானா சிரிப்பாள். பிறகு பழகிவிட்டது. இப்போது பழைய முறைக்குப் போகச் சொன்னால் சண்டைக்கே போவேன்.

சரி, அக்காவுக்கு வருவோம். போனுக்கு எங்கள் இணையப் பக்கத்தின் லிங்க் அனுப்பினேன்.

"'பம்பைச் சமனான நிலத்தில் வைக்கவும். அதன் பிறகே ஒயிலைப் பார்க்கவும்' எண்டு கிடக்கு. ஆனா போனில ஆயிரம் வரும் தம்பி, எத நம்புற?"

"அப்ப பம்பில ஒட்டின ஸ்டிக்கரப் பாருங்க."

அக்கா பம்பைச் சுற்றி வரும் காலடிச் சத்தம் கேட்டது.

"அதில சந்தனம் பூசியெல்லோ கிடக்கு!"

தலையில் கை வைத்தேன். புது மெஷின் வீட்டுக்கு வந்தால் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் யார் அதைத் தொடுவார்கள்? அதற்கு வாகான வெள்ளை இடம் எது? எங்கள் ஸ்டிக்கர்தான். அதிலும் சரியாக எச்சரிக்கைக்கு மேலே.

"பூசைக்கு வெச்சத அழிக்கவோ தம்பி?"

"ஈரத்துணியால அந்த வரிய மட்டும் துடையுங்க அக்கா. சாமி கோவிக்க மாட்டார்."

துடைத்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். "பம்பைச்... சமனான நிலத்தில்... வைக்கவும். அதன் பிறகே... அட! சொல்லுக்குச் சொல் ஒண்டுதான்!"

அந்த 'ஒண்டுதான்' என் காதில் தேனாகப் பாய்ந்தது. மனிதர்கள் அறிவுரையை நம்புவதில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி வந்தால்தான் நம்புகிறார்கள். வீட்டிலும் பாருங்கள், அம்மா ஒன்று அப்பா ஒன்று சொன்னால் பிள்ளை மூன்றாவதைத்தானே செய்கிறது?

அக்கா கூடுதல் ஒயிலை வடித்து, மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, பலகை போட்டுப் பம்பை ஏற்றினார். மதியத்துக்கு முன் ஒரு வொய்ஸ் மெசேஜ். பேச்சே இல்லை. பம்ப் ஓடும் சத்தமும் தண்ணீர் கொட்டும் சத்தமும்தான். ரிசானாவும் நானும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அன்றைக்கு மதியச் சோறு அவ்வளவு ருசி!

பிறகு ஒரு வேலை செய்தேன். ஸ்டிக்கரின் மூலையில் ஒரு வெற்று வட்டம். பக்கத்தில், 'சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் இங்கே வைக்கவும்.'

"இதுக்கு என்ன குறி போடுற சேர்? எச்சரிக்கையா, செய்முறையா?" ரிசானாவுக்குச் சிரிப்பு.

"செய்முறை. முதலாவது படியே அதுதான்."

"எங்கட முஸ்லிம் ஆக்கள் என்ன வைக்கிற?"

"விரும்பினா வட்டத்துக்குள்ள பேர் எழுதட்டும்."

அதையும் சேர்த்தோம். மூன்று மொழியிலும், எல்லா இடத்திலும் வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. பெருமையோடு அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே பதில்.

"வட்டம் காணாது தம்பி. கொஞ்சம் பெரிசாப் போடுங்க."

ஒரே ஓர் இடத்தில் மாற்றினேன். எல்லா இடத்திலும் பெரிதாகிவிட்டது!