கடல் கல்யாண மண்டபத்துக்கு வந்த நாள்

கடல் எங்கள் மாவட்டத்தில் இருந்த காலம் அது. பிறகு மாவட்டத்தைப் பிரித்தார்கள், கரை அந்தப் பக்கம் போய்விட்டது. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலை இழந்தேன் என்றால் சிரிப்பார்கள். ஆனாலும் மதியத் தூக்கத்தில் எனக்கு ஒரு கல்யாண மண்டபமும் அதற்குள் உப்புக்காற்றும் இப்போதும் வருகின்றன.

செவிலிமேட்டில் மைக் செட் வாடகைக்கு விடுவது எங்கள் பிழைப்பு. கணவர் வேறொரு விசேஷத்துக்குப் போயிருந்ததால் அன்று மண்டபத்துக்கு நானே மைக் செட்டோடு போயிருந்தேன். அரசாங்க அதிகாரி நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம். ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டிய உப்பங்கழியில் இறால் பண்ணை போட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. கழியை வளைத்துக் கரை கட்டிவிட்டால், அங்கே இறால் பிடித்துப் பிழைக்கும் பெண்களுக்கு இடமே இருக்காது. அந்தக் குப்பமே காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது.

மின்விசிறிகள் சோம்பலாகச் சுற்றின. பின்சந்திலிருந்து தறிச்சத்தம் தாலாட்டுப்போல் வந்துகொண்டிருந்தது. வாசலோரம் ஆம்ப்ளிஃபயருடன் இருந்த எனக்குப் பக்கத்தில் குப்பத்துப் பெண் ஒருத்தி. கழியைப் பற்றி மெல்லிய குரலில் சொன்னாள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவ வேண்டுமாம். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியை வாயில் கவ்விக்கொள்வார்களாம். இறால் வந்தது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்றாள். கேட்கக் கேட்க என் காலடியில் சிமெண்டுத் தரை குளிர்ந்து இளகியது.

குப்பத்துத் தலைவர் எழுந்தார். "எங்களுக்கு இந்தப் பண்ணை வேணாம்," என்றார். உட்கார்ந்துவிட்டார். அடுத்து யார் என்று அதிகாரி கேட்டார். குப்பத்தில் ஒருவரும் அசையவில்லை. கம்பெனி ஆட்களோ ஒவ்வொருவராக வந்து, வேலை கிடைக்கும், ரோடு வரும் என்று அளந்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். மைக்கை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "இன்னாமா, எல்லாரும் வாயை மூடிக்கினு இருந்தா எப்படி?"

"தலைவர் சொல்லிட்டாருமா. அவரு சொன்னா ஊரே சொன்ன மாதிரி. அவரு கூட்டத்துல இருக்கறப்போ மேல பேசுனா, அவரு பேச்சு செல்லலன்னு ஆயிடும்."

"இங்க அப்படி இல்லமா. ஒருத்தர்தான் வேணாம்னாருன்னு எழுதிக்கினு போயிடுவாங்க."

அவள் முகம் வெளுத்தது. எழுந்து போய்த் தலைவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் எழுந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தைவிட்டே வெளியேறினார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்துப் பயந்துபோனேன். அப்புறம்தான் புரிந்தது: அவர் இல்லாத கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.

பெண்கள் எழுந்தார்கள். மைக் கைக்குக் கை மாறியது. ஒவ்வொருத்தியும் வேணாம் என்றாள், ஏன் என்றும் சொன்னாள். அதிகாரியின் ஆள் தலை நிமிராமல் எழுதினார்.

தலைவர் வாசலுக்கு வெளியே, வெயிலில், நாங்கள் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குரல் தெளிவாக, தயங்காமல், கழியின் ஒவ்வொரு மடுவையும் பெயர் சொல்லிப் பேசியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா பேசுதே. யாருமா அது?"

எட்டிப் பார்த்தேன். "உங்க காதுல வந்து சொன்னாங்களே, அவங்கதான்."

அவர் நம்பாமல் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்.

"என் சம்சாரமா?" என்றார். பிறகு, "கொஞ்சம் சத்தம் ஏத்தி வைம்மா."