டோக்கன் இன்னும் வரவில்லை

என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டுக்குப் போன பிறகு கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடக்கூடாது, எழுந்து நடக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சுவா சூ காங் வட்டாரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேலைக்குப் போய்விட்டால் அவளுக்குத் துணை என்று மிஞ்சுவது மீன்தொட்டி மட்டுமே.

தோ பாயோவில் இருக்கும் அவளுடைய அக்கா உடனே ஓர் அறையை ஒழித்து, மெத்தை விரிப்பைக்கூட மாற்றிவிட்டார். நல்ல மனுஷி. ஆனால் அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து தொலைக்காட்சி ஓடும், அதற்கு மேலே அக்காவின் குரலும் ஓடும். என் மனைவி மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அங்க போனா முட்டி சரியாகும், காது போயிரும். நான் என் வீட்டுலதான் படுப்பேன். நீங்க முதலாளிக்கிட்ட பேசுங்க."

பேசுவதுதான் எனக்கு வராத காரியம். ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆர்டர் பதிகிற வேலை எனக்கு. திருகாணி, குழாய், பூட்டு என்று வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், லாரிக்குச் சொல்ல வேண்டும். ஆரம்பப் பள்ளியோடு நின்றவன் நான். கம்ப்யூட்டரைக் கடையில்தான் எழுத்துக்கூட்டிப் பழகினேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த வேலை பிடித்துப்போனது.

முதலாளி தமிழ் முஸ்லிம், என்னைவிட இளையவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே நான் கடையில் இருப்பதால் என்னை அண்ணே என்பார். அன்று அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, அண்ணிக்கு எப்படி இருக்கு?" என்று அவரே கேட்டார்.

"பரவால்ல முதலாளி. வெள்ளிக்கெழம வீட்டுக்கு அனுப்புறாங்க. பக்கத்துல ஆள் வேணுமாம்."

"அதுக்கென்ன, வீட்டுலேர்ந்தே ஆர்டர் அடிங்க. வெளியிலேர்ந்து நம்ம நெட்வொர்க்குக்குள்ள வர்றதுக்கு கம்ப்யூட்டர்காரங்க வசதி பண்ணித் தந்திருக்காங்க. லேப்டாப் ஒண்ணு தர்றேன். டோக்கன் வரும், அத மட்டும் செட் பண்ணிருங்க. ஆனா திங்கக்கெழம காலைல வேலை ஓடணும். மாசக் கடைசி. அதுக்குள்ள முடியலன்னா நீங்க கடைக்கு வந்துதான் ஆகணும்."

"கேன், கேன்," என்றேன். முடியும், சரி, ஆகட்டும் எல்லாவற்றுக்கும் எனக்கு அந்த ஒரு ஆங்கிலச் சொல்தான்.

எனக்குத் தெரிந்த டோக்கன் இரண்டு வகை. ஒன்று, மருந்தகத்தில் காத்திருக்கும்போது தரும் எண் சீட்டு. மற்றது, முன்பெல்லாம் வங்கியில் கொடுத்த, பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் குட்டிப் பெட்டி. முதலாளி 'வரும்' என்று சொன்னதால் அந்தக் குட்டிப் பெட்டிதான் தபாலில் வரும் என்று முடிவு செய்துகொண்டேன். மனைவியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பீட்சா விளம்பரம் வந்தது. ஏர்கான் கழுவுகிறவரின் துண்டுச் சீட்டு வந்தது. டோக்கன் வரவில்லை. கேட்டுப் பார்க்கலாம்தான். கேட்பதற்குப் பேச வேண்டுமே.

வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து வந்து படுக்க வைத்த கையோடு முதலாளியின் போன் வந்தது.

"செட் பண்ணிட்டீங்களா அண்ணே?"

"டோக்கன் இன்னும் வரல முதலாளி. தெனம் பெட்டியத் தொறந்து பாக்கிறேன்."

"எந்தப் பெட்டி?" என்றார்.

"கீழ, லெட்டர் பாக்ஸ்."

அவர் சிரிப்பை அடக்குவது இந்தப் பக்கம் கேட்டது. "அண்ணே, அது சாஃப்ட்வேர் டோக்கன் லா. போனுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். ஈமெயில் வந்திருக்கும் பாருங்க."

வந்துதான் இருந்தது. ஏதோ விளம்பரம் என்று நான் திறக்காமல் விட்டிருந்தேன். கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "தபால்காரருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து விசாரிச்சிருக்கலாம்," என்றாள்.

சனிக்கிழமை காலை லேப்டாப்பை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈமெயிலில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். செயலியைப் போனில் இறக்க வேண்டும், லேப்டாப் திரையில் தெரியும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனைக் காட்டி ஸ்கேன் செய்ய வேண்டும். காப்பிக்கடையில் காசு கட்ட ஸ்கேன் செய்தே பழகிய கை, அதில் சிரமம் இல்லை. போனில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றியது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. வட்டம் தீர்ந்ததும் எண் மாறியது.

லேப்டாப்பில் முதலில் பாஸ்வேர்டு, அடுத்து அந்த எண். பாஸ்வேர்டு என் மண்டைக்குள் இருப்பது, எண் என் போனுக்குள் இருப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே விடும். வீட்டு இரும்புக் கேட்டுக்கு ஒரு பூட்டு, மரக்கதவுக்கு ஒரு பூட்டு என்று நாம் போடுவதில்லையா, அதுபோல என்று புரிந்துகொண்டேன். புரிந்தது சரிதான். கதவுதான் திறக்கவில்லை. எண் தவறு என்றது திரை.

என் விரல் மெதுவாகப் போவதுதான் காரணம் என்று மனைவி சொன்னாள். போனை வாங்கி அவளே வாசித்தாள்.

"நாலு, ஏழு, சைபர்... சீக்கிரம், வட்டம் கரையுது."

"அப்புறம்?"

"ஒண்ணு, ஒண்ணு... போச்சு, மாறிருச்சு. உங்க கைக்கு ஆமை தேவல."

அடுத்த தடவை வட்டம் பாதி இருக்கும்போதே அடித்து முடித்தேன். தவறு. அதற்கடுத்ததும் தவறு. பிறகு அடிப்பதற்கே இடம் தராமல் கணக்கைப் பூட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தார்.

"இங்க வர்றதுக்கு டாக்ஸி சொல்லவா?"

"இன்னும் முடிவாகலக்கா," என்று சொல்லிவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவது கொஞ்சம் சுலபமாகத் தெரிந்தது.

ஈமெயிலின் அடியில் உதவிக்கு ஒரு எண் இருந்தது. சமையலறைக்குப் போய், மனைவிக்கு உடம்பு சரியில்லை, டோக்கன் வேலை செய்யவில்லை என்று இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்து, இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தது ஒரு பெண், ஆங்கிலத்தில் மளமளவென்று கேட்டாள். என் இரண்டு வாக்கியமும் முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டன. அதன்பின் கேட்டதற்கெல்லாம் கேன் என்றேன்.

"அங்கிள், நீங்க தமிழா?"

"ஆமாம்மா."

"அப்ப எல்லாத்துக்கும் கேன் சொல்லாதீங்க. இப்ப நான் கேட்டது, உங்க டோக்கன அழிச்சிரவான்னு."

"வேணாம்மா."

"அதான் நெனச்சேன்."

அவள் பூட்டைத் திறந்து விட்டாள். மறுபடி அடித்தேன், மறுபடி தவறு. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கிள், உங்க போன்ல இப்ப மணி என்ன?" என்றாள்.

"பத்தரை."

"இங்க பத்தே கால்."

எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் கால் மணி நேரம் முன்னால் ஓடும். சுவர்க் கடிகாரம், மைக்ரோவேவ், எங்கள் இருவர் போனும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிந்து எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு என் மனைவி போட்ட சட்டம் இது. நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்பவும், ராகு காலம் பிறப்பதற்குள் லிஃப்டில் ஏறவும் அந்தக் கால் மணிதான் எங்களைக் காப்பாற்றுகிறது. முன்னால் ஓடுகிறது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் தினம் பதறுவோம்.

இதையெல்லாம் ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "கொஞ்சம் வேகமா போகுதும்மா," என்றேன்.

"தானா போகுதா, வச்சிருக்கீங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

"எங்க அம்மாவும் பத்து நிமிஷம் தள்ளி வைப்பாங்க அங்கிள், பரவால்ல. ஆனா இந்த நம்பர் மணிய வச்சுத்தான் வருது. உங்க போனும் இங்க இருக்கிற கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல ஒரே நம்பர் போடணும். உங்க போன் கால் மணி கழிச்சு வர வேண்டிய நம்பர இப்பவே சொல்லுது. தப்பான நம்பர் இல்ல, சீக்கிரம் வந்துட்ட நம்பர்."

"அப்ப எழுதி வச்சுக்கிட்டு கால் மணி கழிச்சு அடிச்சா உள்ள விடுமா?" என்று கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "விடும் ஆன்ட்டி. சரியான நிமிஷத்துல அடிச்சா விடும். தெனம் அப்படிக் காத்துக்கிட்டு இருப்பீங்களா?"

"மணிய மாத்தித்தான் ஆகணுமா?"

"ஆமா ஆன்ட்டி. வேற வழி இல்ல."

என் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கால் மணியை யாரும் தொட்டதில்லை. அவளுடைய அக்காகூட ஒருமுறை கேலி செய்து வாங்கிக் கட்டிக்கொண்டார். என் போன்தான் என்றாலும், மணி அவளுடையது.

"அவரு போன மட்டும் மாத்துங்க," என்றாள் கடைசியில். "என் போன்ல யாரும் கை வைக்கக்கூடாது."

"உங்க போனப் பத்தி நான் கேக்கவே இல்ல ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண்.

அவள் சொன்ன இடத்தில் போய், தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் பொத்தானைத் தள்ளினேன். போன் கால் மணி பின்னால் குதித்தது. புதிய எண் வந்தது. இந்த முறை நானே நிதானமாகப் பார்த்து அடித்தேன். திரை ஒரு நொடி யோசித்தது. அடுத்து எங்கள் படுக்கையறையில், மருந்துப் பாட்டில்களுக்கும் ஊன்றி நடக்கும் சட்டத்துக்கும் நடுவில், கடையின் சரக்குப் பக்கம் திறந்து நின்றது. அரை இஞ்ச் திருகாணி எத்தனை பெட்டி இருக்கிறது என்று காட்டியது.

"வந்திருச்சும்மா," என்றேன்.

"சூப்பர் அங்கிள். ஆன்ட்டி, உடம்பப் பாத்துக்கோங்க."

மனைவி தன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். டாக்ஸி வேண்டாம் என்று சொல்லத்தான். அதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது, அதில் பெரும்பகுதி அக்கா பேசியது.

திங்கட்கிழமை காலை முதலாளி கேட்பதற்கு முன்பே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஆர்டர்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. நடுவில் அவள், "எழும்பணும்," என்றாள். அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்தை ஊன்றி, மெல்ல மெல்ல, ஜன்னல் வரைக்கும் வந்தாள். கீழே எல்ஆர்டி ரயில் ஒன்று வளைந்து போனது. அது போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வெயில் நன்றாக இருந்தது. நானும் அவள் கையைப் பிடித்தபடி நின்றேன்.

"போங்க," என்றாள் அவள். "யாரோ குழாய் கேட்டுட்டு நிக்கிறான்."

"நிக்கட்டும்," என்றேன். அவள் திரும்பி நடக்கத் தயாராகும்வரை கையை விடவில்லை.