டூட்டி கிளார்க்கின் அரை ஸ்கிரீன்

பஸ் டெப்போவில் இருபத்திரண்டு வருஷமாக டூட்டி போடும் கிளார்க்குக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். டீ வந்தால் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பெண்டாட்டியோடு பிறந்தவர்கள் ஆறு பேர். அதில் ஐந்தாவதாகப் பிறந்த தம்பிமேல் சந்தேகம் ஒரு படி கூடுதல். டெப்போவில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் அவன்தான்.

அந்த வாரம் பத்து டிரைவர்களுக்கு டூட்டி தாறுமாறாக விழுந்திருந்தது. மூன்றாம் நம்பர் ஓட்ட வேண்டியவர் எட்டாம் நம்பரில் ஏறி உட்கார்ந்திருந்தார். "மாத்தினது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள பேர் வேணும். அந்த ஆளுக்கு இனிமே இந்த வேலை கிடையாது" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டரில் இருக்கும் டூட்டிப் பட்டியலில் கை வைக்கக்கூடியவர்கள் அவரும் மச்சினனும் என்று இரண்டே பேர். தான் இல்லை என்பது கிளார்க்குக்கு நிச்சயம். மாற்றியவர் பேர் கடைசிப் பத்தியில் இருக்கும். ஆனால் பட்டியல் தெரியும் விண்டோ பாதி ஸ்கிரீனுக்குமேல் விரியவே இல்லை. மூலையில் இருந்த சதுரத்தை அமுக்கினால் ஒரு துடி துடித்து அப்படியே நின்றது.

மச்சினனை வரவழைத்தார்.

"மாப்ளே, இதைச் சுருக்கி வெச்சது நீதானே?"

"நான் எதுக்கு அத்தான் சுருக்கறேன்? எனக்கு வேற பொழப்பில்லையா?"

"கடைசிப் பத்தி மட்டும் தெரியல. அளந்து வெட்டின மாதிரி இருக்கே!"

மச்சினன் ஸ்கிரீனைப் பார்த்துச் சிரித்தான். "எழுத்து என்ன, சுவத்து விளம்பரம் மாதிரி இருக்கு? இதை இப்படி ஊதி வெச்சா இந்தப் பழைய புரோகிராம் எங்க விரியும்? யார் பண்ணினது?"

கிளார்க் தொண்டையைக் கனைத்தார். கண் மங்கி மூன்று மாதம் ஆகிறது. கண்ணாடி போட்டால் சீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து, முந்தாநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுத்தைப் பெரிதாக்கியவர் அவரேதான்.

மச்சினன் எழுத்தைக் குறைத்து, புரோகிராமை மூடித் திறந்தான். விண்டோ ஸ்கிரீன் முழுக்க விரிந்தது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

"இப்பப் படிங்க."

"நீ படி."

"பத்து எடத்துலயும் உங்க பேர்தான், அத்தான்."

"நீ படிச்சா நான் நம்பிடணுமா?" வாசலில் போன கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"ஆமா சார், உங்க பேர்தான். எல்லாத்துலயும் மூணு இருக்க வேண்டிய எடத்துல எட்டு போட்டிருக்கீங்க."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"ஆமா சார், உங்க கண்ணையும் கூட்டு சேத்துக்கிட்டோம்!"

கிளார்க் ஸ்கிரீனில் மூக்கு இடிக்கக் குனிந்து தன் பேரைத் தானே பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"மேனேஜர்கிட்ட நான் வேணா பக்குவமாச் சொல்லட்டுமா, அத்தான்?"

"வேண்டாம். நீ சொன்னா ரெண்டு சேத்துச் சொல்லுவே."

தானே நடந்தார். மேனேஜர் அறைக் கதவைத் தட்டுமுன், மச்சினன் பின்னால் வருகிறானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.