பானை ஸ்டாப்

"பேரே இல்லாத எடத்துல பஸ்ஸ எப்படிம்மா நிறுத்துறது?"

கண்டக்டர் கேட்ட இந்தக் கேள்வி இருசம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. அரியமங்கலம் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி முளைத்த காலனி அது. வீடுகள் வந்துவிட்டன, கரண்ட் வந்துவிட்டது. பெயர்தான் வரவில்லை.

மகள் அறிவுமதிக்கு ஸ்ரீரங்கத்தில் காலேஜ் சீட் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப் போகிறவள் அவள்தான் முதல். ஆனால் சாயங்காலம் முந்தின ஸ்டாப்பில் இறங்கி, லாரிகள் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் நடந்து வர வேண்டும்.

"பஸ் வாசல்ல நின்னா படிக்கட்டும். இல்லேன்னா வேணாம்" என்று அப்பா ரெங்கராஜ் முடித்துவிட்டார்.

மறுநாள் கத்திரி வெயிலில், ரோட்டோரப் புங்கமரத்தடியில் இருசம்மாள் மணலைக் கொட்டி, அதன்மேல் ஒரு மண்பானையை வைத்தாள். தண்ணீரில் வெட்டிவேர் போட்டாள். டம்ளரைச் சங்கிலியால் மரத்தோடு கட்டினாள்.

ரெங்கராஜ் சிரித்தார். "மனு கொடுத்தே நிக்காத பஸ்ஸு, உன் பானையப் பாத்து நிக்கப் போவுதாக்கும்!"

"மனுவுக்குத் தாகம் எடுக்காதுங்க. டிரைவருக்கு எடுக்கும்."

மூன்றாம் நாள் டிரைவர் தாஜுதீன் பிரேக் போட்டார். "ஒரு டம்ளர் தண்ணி இங்கயே கொண்டாந்து குடுங்கம்மா."

"டம்ளரக் கட்டிப் போட்டிருக்கே பாய். வுட்டா தூக்கிட்டுப் போயிடுறாங்க. நீங்கதான் எறங்கி வரணும்."

அவர் முனகிக்கொண்டே இறங்கினார். குடித்தார். முகத்தைக் கழுவினார். இன்னொரு டம்ளரும் குடித்தார். அதற்குள் காலனிக்காரர்கள் பின்படியில் இறங்க, வேலைக்குப் போகிறவர்கள் ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்தார். டம்ளர் ஏன் கட்டியிருந்தது என்று ரெங்கராஜுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சாயங்காலம் அவரே இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

அடுத்தடுத்த பஸ்களும் நின்றன. அறிவுமதி காலேஜில் சேர்ந்தாள்.

ஐப்பசி வந்தது. விடாத மழை. தண்ணீரை யாரும் சீண்டவில்லை. ஒரு காலையில் பார்த்தால் மரக்கிளை விழுந்து பானை நொறுங்கிக் கிடந்தது. அன்று சாயங்காலம் இருசம்மாள் குடையோடு மரத்தடியில் நின்றாள். தாகமில்லாத பஸ் எதற்கு நிற்கப் போகிறது? மகளின் படிப்பு இந்த மழையோடு சரியா?

பஸ் வேகமாகத்தான் வந்தது. அவளைத் தாண்டிக்கூடப் போய்விட்டது. பிறகு, படியில் தொங்கிய கண்டக்டரின் குரல் மழையைக் கிழித்தது.

"பானை! பானைல்லாம் எறங்கு! சீக்கிரம், சீக்கிரம்!"

பஸ் நின்றது. அறிவுமதி புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். அவள் பின்னாலேயே, இருசம்மாள் அதுவரை பார்த்தேயிராத ஒரு பெண் கையில் குழந்தையோடு இறங்கிச் சுற்றுமுற்றும் விழித்தாள்.

"ஏங்க, எங்க சித்தி பானை ஸ்டாப்புல எறங்கச் சொன்னாங்க. இங்க பானையே காணோமே?"

இருசம்மாள் உடைந்த ஓடுகளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மழைக்கு மேலே கேட்கும்படி சிரித்தாள்.

"சரியாத்தான் எறங்கியிருக்கீங்க. பானை இதுதான், வாங்க!"