பிளாஸ்டிக் உறைக்குள் எட்டு மதிப்பெண் பட்டியல்கள்

கோவில்பட்டி வாஞ்சிநாதன் எதையும் முன்கூட்டியே செய்து வைப்பவர்; ஏழு மணிப் பேருந்துக்கு ஆறு மணிக்கே நிலையத்தில் நிற்கும் சுபாவம். அப்படிப்பட்டவரை, கலிபோர்னியாவின் டப்ளின் நகரில் அவர் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம், 2001 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்பியது. வேலையோடு விசாவும் போயிற்று. சுற்றுலா விசாவுக்கு மாற்றித் தரச்சொல்லி ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, மனைவி கண்மணியோடும் மூன்று வயது மகள் கயலோடும் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகலாமென்றால், இவரைப்போலத் திரும்பியவர்களே சென்னைக் கம்பெனிகளின் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

ஜெர்மனி என்ற வழியைக் காட்டியவர் பக்கத்து அபார்ட்மென்ட் தௌபீக்.

"என் மச்சான் அங்கதான் மாஸ்டர்ஸ் பண்றான், வாஞ்சி. ஃபீஸ் கிடையாது. இப்ப இங்கிலீஷ்லயே கோர்ஸ் வந்துருச்சு. அப்ளை பண்ணுங்க."

"முப்பத்துநாலு வயசுல காலேஜா?"

"மீசைய எடுத்துட்டுப் போங்க. பையன்னு நெனச்சுக்குவான்."

வாஞ்சிநாதன் மீசையைத் தடவிக்கொண்டார்; ஆனாலும் அன்று மாலையே நூலகக் கணினியில் உட்கார்ந்துவிட்டார். ஜெர்மனிக்குப் பக்கத்து நாடுகளையும் பார்த்தார். சுவிட்சர்லாந்தில் செலவு தாங்காது. ஆஸ்திரியாவில் அவர் பார்த்த படிப்புகளுக்கெல்லாம் ஜெர்மன் மொழித் தேர்ச்சி கேட்டார்கள். சல்லடை போட்டுச் சலித்ததில் மிஞ்சியது ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் ஒரே ஒரு பல்கலைக்கழகம். பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியல்களுக்கும் ஜெர்மன் தூதரகத்தின் சான்று பெற்ற நகல்கள் ஜூலை பதினைந்துக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். இதைச் சொன்ன பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தபோதே ஜூலை பிறந்துவிட்டது.

பத்தாம் தேதி காலை, ரயிலேறி சான் பிரான்சிஸ்கோ போனார். தூதரகச் சாளரத்தில் இருந்த பெண்மணி முதல் மதிப்பெண் பட்டியலை எடுத்தார், வளைத்துப் பார்த்தார், திருப்பி நீட்டினார். பிளாஸ்டிக்கின் வழியாக முத்திரையைச் சோதிக்க இயலாது, உறையை நீக்கிவிட்டு நாளைக் காலை வாருங்கள் என்றார். குரலில் கடுமை இல்லை. அதனால் வாதாடவும் வழி இல்லை.

பட்டச் சான்றிதழும் எட்டுப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களும் கைக்கு வந்த அன்றே, பாளையங்கோட்டையில் ஒரு கடையில் லேமினேஷன் செய்துகொண்டவர் அவர். கறையான் அரிக்காது, மழை நனைக்காது. அதைச் செய்யாதவனைத்தான் நம் ஊரில் பொறுப்பில்லாதவன் என்பார்கள். மாற்றுப் பிரதி கேட்டு எழுதினால் வர மாதங்கள் ஆகும்.

பிற்பகல் சமையலறை மேடையில் துணியை விரித்து, முதல் பருவத்துப் பட்டியலை வைத்தார். சூட்டில் பசை இளகட்டும் என்று கண்மணி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"சூடு கம்மியாவே வெச்சிருக்கேன். மெதுவா, ஓரத்துலருந்து எடுங்க."

"நல்லாதான் வருது. இன்னும் கொஞ்சம் அழுத்து."

விளிம்பு வெள்ளையாக இருந்த மட்டும் உறை சமர்த்தாகப் பிரிந்தது. எழுத்து தொடங்கிய இடத்தில் காகிதத்தின் மேல்தோலும் சேர்ந்து உரிந்தது. கணிதத்தில் அவர் வாங்கிய தொண்ணூற்றாறும், பதிவாளரின் கையெழுத்தும், பாதி முத்திரையும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்தன. கீழே கிடந்தது வெறும் பஞ்சு.

அவர் கை இரண்டாவது பட்டியலை நோக்கிப் போனது. கண்மணி இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

"விடுங்க. எட்டுல ஒண்ணு இல்லன்னா ஜெர்மனிக்காரன் எடுத்துக்குவானா?"

"மாட்டான்."

"அப்ப மிச்சத்தையும் ஏன் கெடுக்கறீங்க? மெட்ராஸ்ல வேலை கேட்டுப் போனா எதைக் காட்டுவீங்க?"

அவர் உரிந்து வந்த பிளாஸ்டிக்கைக் காகிதத்தின்மேல் பொருத்திப் பார்த்தார். எழுத்துகள் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. கையை எடுத்ததும் உறை சுருண்டுகொண்டது. நெடுநேரம் அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு, டிராவல்ஸ் நடத்தும் கலாவதிக்குப் போன் செய்தார்.

"மூணு பேர், சென்னைக்கு."

"ஸ்கூல் லீவுக்கா சார்? ரிட்டர்ன் எந்தத் தேதி போடட்டும்?"

அவர் கண்மணியைப் பார்த்தார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ரிட்டர்ன் வேண்டாம்மா," என்றார். "ஒன் வேதான்."