நான் வெட்டிய ஏரி

இன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்தேன். செயற்கைக்கோள் படங்களை வைத்து, எந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நான் கணித்த வரைபடம்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்துத் தன் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இந்த நீலம் என்ன தம்பி?”

“ஏரித் தண்ணிக்கா. நெறைய நிக்குது. அதான் தூர்வாருற லிஸ்ட்ல உங்க ஊரு இல்ல.”

“ஏரி காஞ்சுல்ல கெடக்கு! இது சிமெண்டுக்குக் கல்லு வெட்டுன குழி. ஆடுகூட எறங்கிக் குடிக்க முடியாது.”

எது ஏரி, எது குழி என்று கணினிக்குத் தெரியாது, சரி. நான் அரியலூர்க்காரன். அந்தக் குழிகளைப் பார்த்தே வளர்ந்தவன்.

“அப்ப எங்க ஊரச் சேத்துருவீங்கள்ல?”

லிஸ்ட் போன வாரமே மேலிடத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

நாளை ஆபீஸில் தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறேன். உங்கள் ஊரிலும் நான் இப்படி வரைபடத்தில் ஏரி வெட்டியிருந்தால், திட்டிவிட்டு இடத்தைச் சொல்லுங்கள்.